மாடிப்படியில் ஏலேலோ

மாடி அறை யாருக்கு என்ற வழக்கில் அன்று சாயங்காலம் தீர்ப்பு. அதனால் காலையிலிருந்தே வீட்டில் ஒரே மரியாதை. மாமியார் மருமகளுக்கு டீ ஆற்றிக் கொடுத்தாள். மருமகள் மாமியாருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாட்களே தேவலை என்று நடுவருக்குத் தோன்றியது.

நடுவர் என்றால் மாமனார். கால்பந்து மைதானங்களில் விசில் ஊதியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. வீட்டில் குரல் உயர்ந்தால் ஊதுவார். பால் பொங்கினாலும் ஊதுவார்.

அவருடைய மகன், அதாவது மருமகளின் கணவன், ரயில் ஓட்டுகிறவன். அம்மாவா, மனைவியா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் கூடுதல் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். புத்திசாலி.

வழக்கு இதுதான். மாடியில் இருப்பது ஒரே அறை. அதைத்தான் மருமகள் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி வைத்திருந்தாள். சுவரெல்லாம் பழைய மெத்தைகள். வாசலுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது. கீழே மாமியாரின் தையல் மெஷின் நிற்க வேண்டும். நடுவர் தும்மலை அடக்க வேண்டும்.

மாமியாரைத் தெருவே 'கத்திரி அக்கா' என்றுதான் கூப்பிடும். தரையில் மண்டியிட்டுத் துணி வெட்டி வெட்டி அவள் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. மூடிப்போன துணி ஆலை ஒன்றிலிருந்து, ஆள் படுத்து உருளலாம் போன்ற ஒரு மர மேசையை ஆசையாக வாங்கிவிட்டாள். கீழே வைக்க இடமில்லை. அது கொல்லைப்புறக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தது. அவள் முட்டிக்கும் அந்த மேசைக்கும் நடுவே நின்றது இந்த மாடி அறை ஒன்றுதான்.

போன வாரம்தான் எதிர் ரொட்டிக் கடைக்கு ஒரு ராட்சத அடுப்பு வந்து இறங்கியது. சுமைக்காரர்கள் பாட்டுப் பாடி அதை லாரியிலிருந்து இறக்கினார்கள். விளம்பரக் குரல்களையும், 'கதவுகள் மூடப்படுகின்றன' என்று லிஃப்டில் சொல்லும் குரலையும் மட்டுமே திருத்திப் பிழைத்துவந்த மருமகள், அந்தப் பாட்டைக் கேட்டுச் செருப்புகூட போடாமல் ரெக்கார்டரோடு தெருவுக்கு ஓடினாள். வானொலியில் உழைப்பவர்களின் பாட்டுக்கென்று புதிதாக ஒரு நிகழ்ச்சி வருகிறதாம். அன்று சாயங்காலத்துக்குள் அனுப்பினால் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டால் அறை மருமகளுக்கு. இல்லையென்றால் மேசை மாடிக்கு. நடுவர் விசில் ஊதிச் சொன்ன ஏற்பாடு இது.

"மாமா, அத்தை, வாங்க. அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை கேளுங்க" என்று ஸ்பீக்கரைக் கீழே கொண்டுவந்து வைத்தாள் மருமகள். முகம் பளபளத்தது. ராத்திரி பகலாக உட்கார்ந்து வேலை செய்திருந்தாள்.

பாட்டு வந்தது. குரல்கள் கண்ணாடி மாதிரி இருந்தன. ஒரு தூசி இல்லை, ஒரு மூச்சிரைப்பு இல்லை.

நடுவர் கண்ணை மூடிக் கேட்டார். "நல்லா இருக்கும்மா. சுத்தமா இருக்கு" என்றார். துக்க வீட்டில் பேசுகிற குரல் அது.

ஓடிக்கொண்டிருந்த மாமியாரின் தையல் மெஷின் பாதியில் நின்றிருந்தது. வாயில் குண்டூசிகள். தைக்கும்போது எப்போதும் உதட்டில் நாலைந்து ஊசிகளைக் கவ்விக்கொள்வது அவள் பழக்கம். அதனால் வாழ்நாளில் பாதியை அவள் "ம்", "ம்ஹும்" என்றே பேசி முடித்திருந்தாள். இப்போது ஊசிகளை எடுத்துச் ரவிக்கைக் கையில் குத்திக்கொண்டாள்.

"இது அந்தப் பாட்டு இல்லையே."

"என்ன அத்தை சொல்றீங்க? அதேதான். அதே ஆளுங்க, அதே நாள்."

"இருக்கலாம். ஆனா இது அது இல்ல."

மருமகளுக்குச் சுருக்கென்றது. "புரியுது அத்தை. இது தேறலைன்னா மேசை மேல வரும். அதானே?"

நடுவர் விசிலைக் கையில் எடுத்தார். ஆனால் ஊத மனம் வரவில்லை.

மாமியாரின் முகம் சுருங்கிப் போனது. கொஞ்ச நேரம் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கு மேசை வேணும்தான். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதக் கேளு. இத்தனை நாளா நீ மேல அந்தப் பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டியே, திறந்த கதவு வழியா என் காதுல விழுந்துச்சு. என் கால் தன்னால மிதிச்சுது. துணி தன்னால ஓடுச்சு. முட்டி வலிகூட மறந்துட்டேன். நீ விளக்கப் போட்டு மெஷின நிறுத்தச் சொன்னப்ப எனக்குக் கோவம் வந்ததே அதனாலதான். இப்ப போட்டியே, கால் நின்னுபோச்சு. நானா நிறுத்தல. பாரு."

மருமகள் பார்த்தாள். மெஷின் மிதியின் மேல் மாமியாரின் இரண்டு கால்களும் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்தத் தொம்! ஒவ்வொரு இழுப்புக்கு முன்னாலும் அத்தனை பேரும் சேர்ந்து தரையில் காலை ஓங்கி வைப்பார்கள். தொம்! அதற்கப்புறம்தான் இழுப்பு, அதற்கப்புறம்தான் 'ஏலேலோ'. அந்தச் சத்தத்தை அவள் பொறுக்கி எடுத்து ஒன்றுவிடாமல் நீக்கியிருந்தாள். மூச்சை நீக்கியிருந்தாள். கயிறு முனகியதை நீக்கியிருந்தாள். முன்பு வேலை பார்த்த இடத்தில் அவளுக்கு 'விளக்குமாறு' என்று பட்டப்பெயர். அவ்வளவு சுத்தமாகப் பெருக்குவாள். அந்தப் பெயரில் அவளுக்குப் பெருமைகூட உண்டு. பெருக்கியதில் பாட்டும் சேர்ந்து போய்விட்டது.

மாடிக்கு ஓடினாள். முதலில் எடுத்தது எங்கே? எங்கேயும் இல்லை. எடுத்ததன் மேலேயே திருத்திச் சேமித்துவிடுவதுதான் அவள் வழக்கம். குப்பையை யார் பத்திரப்படுத்துவார்கள்?

கதவைச் சாத்தினாள். பழக்கதோஷத்தில் கை சுவிட்சைத் தட்டியது. சிவப்பு விளக்கு எரிந்தது. மெத்தைச் சுவரில் தலையைச் சாய்த்து அழுதாள். நல்ல அறை அது. அழுதால் வெளியே கேட்காது.

ஆனால் கதவு திறந்தது. விளக்கு எரியும்போது அந்தக் கதவைத் திறக்க அந்த வீட்டில் இதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

"அழுறதுக்குமாடி விளக்கு போடுவ?" என்றாள் மாமியார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

மருமகளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அவ்வளவுதானே? பாட்டுதான் போச்சு. பாடினவங்க இருக்காங்கல்ல? கிளம்பு."

"நீங்க எதுக்கு அத்தை?"

"நீ அழுத மூஞ்சியோட ஸ்கூட்டர் ஓட்டினா எவன் மேலயாவது ஏத்திடுவ. நான் பின்னாடி உக்காந்து திட்டிக்கிட்டே வந்தாதான் நேரா ஓட்டுவ."

சந்தைக்குப் பின்னால் சரக்கு இறக்கும் இடத்தில் சுமைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி கட்டையான ஆள். தொண்டை மட்டும் ஆளைவிடப் பெரியது. அன்று அந்த அடுப்புக்கு முன்னால் நின்று பாடியவர் அவர்தான். மருமகளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அட, செருப்பில்லாம ஓடி வந்த பொண்ணு! என்னம்மா, எங்க பாட்டு ரேடியோவுல வந்துச்சா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னாள். அவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தாள். அவர்களோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நம்ம மூச்சைப் புடுங்கிட்டியேம்மா!" என்றான் ஒருவன்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? வாங்கடா, இன்னொரு தரம் பாடிடுவோம்" என்றார் மேஸ்திரி.

வரிசையாக வந்து நின்றார்கள். மைக்கைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டார்கள். ஒருவன் தலைகூட வாரிக்கொண்டான். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கிற மாதிரி எல்லோர் முகமும் விறைத்துப் போனது. மேஸ்திரி ஆரம்பித்தார். 'ஏலேலோ' ஒன்று அங்கே கேட்டது, ஒன்று இங்கே கேட்டது. நடுவில் ஒருவன் இருமினான். இன்னொருவன் அதற்கு மன்னிப்புக் கேட்டான். பாட்டு மூன்றாவது வரியில் படுத்துவிட்டது.

மேஸ்திரி பின்னந்தலையைச் சொறிந்தார். "வரலியேம்மா. கை சும்மா இருக்கையில வாய் மட்டும் எப்படிப் பாடும்?"

"இன்னிக்கு என்ன சரக்கு வருது?" என்று மாமியார் கேட்டாள்.

"பஞ்சு மெத்தை. ஒரு ஆள் ரெண்ட தலையில வெச்சிக்கிட்டுப் போவான். அதுக்கு ஏலேலோ போட்டா ஊரே சிரிக்கும்க்கா. கனமா ஏதாவது இருக்கணும். இருந்தா அதுவா வரும்."

கனமாக. மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சட்டென்று வேறு பக்கம் திரும்பி, எதிர்க் கடையில் தொங்கிய வாளிகளை ரொம்ப அக்கறையாகப் பார்த்தாள். அவளாக வாய் திறக்க மாட்டாள் என்பது மருமகளுக்குத் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் அவளுக்கு மாமியாரை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

"எங்க வீட்ல ஒரு மேசை இருக்கு" என்றாள் மருமகள்.

"எங்க கொண்டுபோய்ச் சேக்கணும்?"

"கொல்லையில இருக்கு. அப்படியே முற்றத்துல ஒரு சுத்து..." என்று இழுத்தாள்.

மேஸ்திரி தலையாட்டினார். "தூக்கித் தூக்கி வெச்சா அது விளையாட்டும்மா. ஒரு இடத்துக்குப் போய்ச் சேரணும். அப்பதான் தோள்ல பாரம் உக்காரும்."

மருமகள் மாமியாரின் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: "மாடிக்கு."

மாமியார் அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "ஏய், உனக்கென்ன பைத்தியமா? அது மேல வந்தா அந்த ரூம்ல ஒரு ஈ எறும்புக்குக்கூட எடம் இருக்காது. உன் மெஷினையெல்லாம் எங்க வைப்ப?"

"முதல்ல பாட்டு வரட்டும் அத்தை. அப்புறம் பாத்துக்கலாம்."

"நல்லா யோசிச்சுக்கோ. அப்புறம் நான் சூழ்ச்சி பண்ணி ரூமப் புடுங்கிட்டேன்னு உன் புருஷன்கிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லுவேன். கண்டிப்பா சொல்லுவேன்" என்று சிரித்தாள் மருமகள். ஆனால் மாடி அறையின் அந்த மெத்தைகளை ஒவ்வொன்றாக ஆணியடித்து மாட்டியது அவள்தான்.

மத்தியானம் தார்ப்பாய் விலகியது. மேசையைச் சுற்றி வந்து, கால் கட்டையைத் தட்டிப் பார்த்து, மேஸ்திரி மகிழ்ந்து போனார். "இதல்லவா மேசை!" என்றார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி முகத்தில் அப்படி ஒரு திருப்தி. கயிறு போட்டார்கள். தோள் கொடுத்தார்கள். மருமகள் படியின் கீழே ஒரு மைக்கும் திருப்பத்தில் ஒரு மைக்கும் வைத்துவிட்டு, மூன்றாவதைக் கையில் பிடித்துக்கொண்டாள். மாமியார் வழிகாட்ட மாடிப்படித் திருப்பத்தில் போய் நின்றாள், வாயில் குண்டூசிகளோடு.

"எல்லாரும் சத்தம் போடாம..." என்று ஆரம்பித்தார் நடுவர்.

"வேண்டாம் மாமா. எதையும் நிறுத்தாதீங்க. விசில் வந்தா ஊதுங்க. தும்மல் வந்தா தும்முங்க."

நடுவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இது நம்ம விளக்குமாறுதானா?

தொம்! முதல் படியில் அத்தனை கால்களும் ஒன்றாக விழுந்தன. வீடே ஒரு தடவை குலுங்கியது. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. மேஸ்திரியின் தொண்டை திறந்தது.

"மேசையம்மா மேசை!"

"ஏலேலோ!"

"மேல போக ஆசை!"

"ஏலேலோ!"

சந்தையில் வராத பாட்டு இங்கே படி படியாக வந்தது. எதுவும் முன்பே கட்டி வைத்தது இல்லை. கண்ணில் பட்டதையெல்லாம் அவர் அந்தந்த நிமிஷமே பாட்டில் கோத்தார்.

"மாமியாரு பக்கம்!"

"ஏலேலோ!"

"மருமகளுக்கு ஏக்கம்!"

"ஏலேலோ!"

மருமகளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஹெட்போன் வழியாகக் காதுக்குள் வந்ததைவிட, காலுக்கடியில் தரை வழியாக வந்தது அதிகம். அவள் கால் தானாகத் தாளம் போட்டது. மைக் பிடித்திருப்பவள் ஆடக் கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். அவள் ஆடினாள்.

நடுவர் விசிலைத் தாளத்தோடு ஊதினார். ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு வாசலில் வந்து நின்று 'ஏலேலோ'வில் சேர்ந்துகொண்டார்.

திருப்பத்தில்தான் சிக்கியது. மேசையின் ஒரு மூலை சுவரில் முட்டி நின்றுவிட்டது. முழுப் பாரமும் கீழ்ப்படியில் நின்றவர்களின் தோளில் இறங்கியது. அடுத்த வரி வந்தால் தூக்கலாம். மேஸ்திரி வாயைத் திறந்தார். மேசைக்கடியிலிருந்து உதிர்ந்த தூசு நேராகத் தொண்டைக்குள் போயிற்று. இருமினார். மறுபடி இருமினார். குரல் வரவில்லை. தோள்கள் நடுங்கத் தொடங்கின. "யாராவது சொல்லுங்கடா!" என்று கீழேயிருந்து ஒருவன் முனகினான். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பாட்டு எங்கிருந்து வரும்?

மாமியார் ஊசிகளைக் கையில் துப்பினாள்.

"மூலை பாத்துத் திரும்பு!"

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்தக் குரல் யாருடையதென்று நடுவருக்கே தெரியவில்லை. இத்தனை வருஷமாக ஊசிகளுக்குப் பின்னால் இருந்த குரல். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் நூல் பிடித்த மாதிரி நேராக மேலே ஏறியது.

தொம்! "ஏலேலோ!"

"மேசை என்ன இரும்பு!"

"ஏலேலோ!"

மேசை அசைந்தது. மூலை சுவரை உரசிக்கொண்டு விடுபட்டது. மாமியார் பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறினாள். முட்டி வலி எங்கே போனதோ!

"ஊசிக் காதில் நூலு!"

"ஏலேலோ!"

"உள்ள வையி காலு!"

"ஏலேலோ!"

இருமல் நின்ற பிறகும் மேஸ்திரி குறுக்கே வரவில்லை. கண்ணில் நீர் வழிய அவளுக்கு 'ஏலேலோ' போட்டார். கடைசிப் படியில் மாமியார் மருமகளைப் பார்த்துக் கையை நீட்டிப் பாடினாள்.

"மருமக கையில மைக்கு!"

"ஏலேலோ!"

"மாமியா கையி தைக்கும்!"

"ஏலேலோ!"

தொம்! மேசை அறைக்குள் இறங்கியது. கைதட்டல் தெருவிலிருந்தெல்லாம் கேட்டது. மருமகள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மாமியாரைக் கட்டிக்கொண்டாள்.

"அய்யோ, ஊசி குத்தும்டி!" என்றாள் மாமியார், விடாமல்.

சுமைக்காரர்கள் தண்ணீர் குடித்துவிட்டு மெத்தை லாரிக்குக் கிளம்பினார்கள். "ஏத்தியாச்சு. இறக்கணும்னா சொல்லியனுப்புங்க. அதுக்கு வேற பாட்டு இருக்கு" என்றார் மேஸ்திரி.

சத்தம் அடங்கியதும்தான் அறையைப் பார்த்தார்கள். சுவருக்குச் சுவர் மேசை. ஓரமாக நின்று துணி வெட்ட ஓர் ஆளுக்கு வழி இருந்தது, அவ்வளவுதான். மருமகளின் கம்ப்யூட்டர், பெட்டிகள், கம்பிகள் எல்லாம் வராந்தாவில் அனாதையாகக் கிடந்தன.

சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வழி தெரியாமல் மருமகள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தாள். நிமிர்ந்து உட்கார இடம் தாராளமாக இருந்தது. வெளிச்சம் கூசுகிறதே என்று மாமியார் மேசையின் மூன்று பக்கமும் தைக்க வந்த கனத்த சீருடைத் துணிகளைத் தொங்கவிட்டாள். மருமகள் ஒரு தடவை கைதட்டிப் பார்த்தாள். எதிரொலியே இல்லை. இன்னொரு தடவை தட்டினாள். ஆணியடித்து மாட்டிய மெத்தைகள் தராத அமைதியை மாமியாரின் சீருடைத் துணி தந்தது.

"அத்தை! இது என் பழைய ரூமைவிட நல்லா இருக்கு!"

"ம்" என்றாள் மேலிருந்து மாமியார். ஊசிகள் வாய்க்குத் திரும்பியிருந்தன.

மருமகள் பதிவைக் கேட்டாள். டம்ளர்கள் கிணுகிணுத்தன. நடுவர் ஊதினார். மேஸ்திரி இருமினார். ஒன்றையும் தொடாமல் அப்படியே அனுப்பினாள்.

நடுவர் வாசலில் வந்து நின்று மேலேயும் கீழேயும் பார்த்தார். மேலே கத்தரிக்கோல் ஓடிக்கொண்டிருந்தது, கீழே மருமகள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நீளமாக ஒரு விசில் ஊதினார். "ஆட்டம் சமன்" என்று அறிவித்துவிட்டு டீ போடப் போனார்.

இருட்டுவதற்குள் வானொலியிலிருந்து போன் வந்தது. மருமகள் மேசைக்கடியிலிருந்தே பேசினாள்.

"கேட்டீங்களா? பிடிச்சிருக்கா? எடுத்துக்கறீங்களா!" என்று கத்தினாள். "நன்றிங்க, ரொம்ப நன்றி!" பிறகு குரல் இறங்கியது. "யாரு? திருப்பத்துல பாடுறவங்களா? ஆமாம், பெண் குரல்தான்... தெரியும். ரொம்ப நல்லாவே தெரியும்... அடுத்த வாரமா? நிலையத்துக்கே வந்தா? நேரலையிலயா? மேஸ்திரி ஆளுங்களோடவா?"

மேலே கத்தரிக்கோல் நின்றது.

"கேட்டுச் சொல்றேங்க" என்று மருமகள் போனை வைத்தாள். "அத்தை... கேட்டுச்சா?"

துணி விலகியது. மாமியாரின் தலை தலைகீழாக உள்ளே எட்டிப் பார்த்தது. கண்கள் பயத்தில் உருண்டன. வாய் நிறைய குண்டூசி.

"ம்ஹும்! ம்ஹும்! ம்ஹும்!" என்று தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டிவிட்டு, வெடுக்கென்று மேலே போய்விட்டது.

மருமகள் இருந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் மாமியாரின் முகம் தெரியாது. துணிக்குக் கீழே கால்கள் மட்டும்தான் தெரியும். கத்தரிக்கோல் மறுபடி ஓடத் தொடங்கவில்லை.

பிறகு வலது கால் மெல்ல உயர்ந்து தரையில் விழுந்தது.

தொம்.